காதில் விழாத நாள்

சங்கு அம்மாவுக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. பால் திரிந்தால் வரும், குழாயில் தண்ணீர் நின்றால் வரும், கணவர் செருப்பைக் குறுக்கே விட்டுவிட்டுப் போனால் கண்டிப்பாக வரும். அவர் வாய் திறந்தால் ஆலைச் சங்கு தோற்றுவிடும் என்பதால்தான் ஊர் அந்தப் பெயரை வைத்தது. அவரும் அதை ஒரு பட்டமாகவே எடுத்துக்கொண்டார். ஆனால் அன்று சாயங்காலம் வந்த கோபம் வேறு ரகம். சத்தமே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். வீட்டில் இருந்தவர்கள் கால் ஓசை கேட்காமல் நடந்தார்கள்.

விஷயத்தைக் கொண்டுவந்தவள் மருமகள். பாவம், வேண்டுமென்று செய்யவில்லை. அலுவலகத்துத் தோழிகளோடு குன்றின்மேல் இருக்கிற கோட்டைச் சிறையைப் பார்க்கப் போயிருந்தாள். இப்போது அது சிறை இல்லை, அருங்காட்சியகம். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய், அறைகளை எட்டிப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு வரலாம்.

“அத்தை, வாசல்ல மாமாவைப் பத்தி ஒரு பலகை வச்சிருக்காங்க! எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. நானும் முதல்ல சிரிச்சுட்டேன், அப்புறம்தான் நம்ம மாமான்னு உறைச்சுது” என்று சொல்லி, போனில் எடுத்த படத்தைக் காட்டினாள்.

பலகையில் ஒரு காவலாளியின் கேலிச் சித்திரம். யானைக் காது அளவுக்கு ஒரு காது, அதன் பின்னால் குவித்த கை. கீழே இப்படி எழுதியிருந்தது: ‘நாள் என்ற ஒரே ஒரு சொல் காதில் விழாததால், விடுதலை நாள் என்பதை விடுதலை என்று எடுத்துக்கொண்ட வாயிற்காவலர் ஒருவர், இங்கே அடைபட்டிருந்த அத்தனை பேரையும் வெளியே அனுப்பிவிட்டார். காது மந்தத்தால் காலியான சிறை இது.’

சாவிக்காரர், அதாவது சங்கு அம்மாவின் கணவர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி அந்தப் படத்தைப் பார்த்தார். “காதை நல்லாப் போட்டிருக்கான்” என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அவ்வளவுதான். அந்த மனிதருக்கு ரோஷம் என்று ஒன்று இருந்தால்தானே! தன் கணவரைச் செவிடு என்று சொல்லும் உரிமையைச் சங்கு அம்மா கல்யாணமான நாள் முதல் தன் ஒருத்திக்கு மட்டுமே வைத்துக்கொண்டிருந்தார். ஊரான் ஒருவன் அதைப் பலகையில் எழுதி, டிக்கெட் போட்டு, போகிறவன் வருகிறவன் எல்லாம் பல்லைக் காட்டுவதா? நாளைக்கே போய் அந்தப் பலகையைக் கழற்ற வைக்காமல் விடுவதில்லை என்று அவர் முடிவுகட்டிவிட்டார்.

அந்தக் கோட்டையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கட்டியவர் ஒரு ராஜா. எதிரிகள் வருவார்கள் என்று பயந்து, மூலைக்கு ஒரு கோபுரமும் ஆள் உயரத்துக்கு மேல் ஆள் உயரமாய்ச் சுவரும் எழுப்பினார். எதிரி ஒருவனும் வரவில்லை. இவ்வளவு பெரிய இடத்தைச் சும்மா போடுவானேன் என்று கூடப்பிறந்த தம்பியையே பிடித்து வடக்குக் கோபுரத்தில் அடைத்தார். அதுதான் பிள்ளையார் சுழி.

பிறகு கப்பலில் வந்த துரைமார் கைக்குப் போனது. அவர்கள் எல்லாவற்றையும் அளக்கிற ஆட்கள். பெரிய கூடங்களைக் குறுக்கே சுவர் வைத்துச் சின்ன அறைகளாக்கினார்கள், ஒவ்வொன்றுக்கும் இரும்புக் கதவும் எண்ணும் போட்டார்கள். பிறகு அவர்களை நம்மவர்கள் விரட்டினார்கள். மேளதாளத்தோடு வாயிலைத் திறந்து, உள்ளே இருந்தவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஊரே அழுதது, ஊரே சிரித்தது. அடுத்த மாதமே துரைமாருக்குச் சலாம் போட்டவர்கள் உள்ளே போனார்கள். அவர்களுக்குப் பின்னால், நம்மவர்களையே எதிர்த்துப் பேசியவர்கள். பிறகு ஒரு விடியலில் பூட்ஸ்காரர்கள் டாங்கியோடு வந்தார்கள். நம்மவர்களால் உள்ளே போனவர்களை விட்டுவிட்டு, நம்மவர்களையே உள்ளே போட்டார்கள். அவர்களுக்குப் பிறகு, எல்லாரும் ஒரே நிறத்தில் சட்டை போட்ட சட்டைக்காரர்கள். அவர்களும் வந்தவுடன் திறந்தார்கள், திறந்த கையோடு நிரப்பினார்கள். எவன் ஆண்டாலும் கோட்டை மட்டும் பட்டினி கிடக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. வந்தவர்கள் எல்லாரும் தாங்கள் வந்த தேதியை விடுதலை நாள் என்று அறிவித்தார்கள். பழைய விடுதலை நாளைக் கொண்டாடினால் சிறை, புதிய விடுதலை நாளைக் கொண்டாடாவிட்டால் சிறை. காலண்டர் அச்சடிக்கிறவன் பாடு திண்டாட்டம். தப்பான தேதியைச் சிவப்பில் போட்ட ஓர் அச்சகக்காரர் மூன்றாம் அறையில் இருந்ததைச் சங்கு அம்மாவே பார்த்திருக்கிறார்.

எப்படிப் பார்த்தார் என்றால், அவர்கள் குடியிருந்ததே கோட்டைக்குள்தான். நம்மவர்கள் காலத்தில் வாயிற்காவலர் வேலை கிடைத்தபோது வெளிமதிலை ஒட்டி இரண்டு அறை வீடு கொடுத்தார்கள். சமையலறை ஜன்னலைத் திறந்தால் கைதிகள் நடக்கிற முற்றம். பூட்ஸ்காரர்கள் வந்தபோதும் சாவிக்காரரை வேலையிலிருந்து எடுக்கவில்லை. எந்தப் பூட்டு ஈரத்தில் இறுகும், எந்தக் கதவைத் தூக்கித் தள்ள வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். வாயில் அறைச் சுவரில் தலைவர் படத்தை மட்டும் மாற்றச் சொன்னார்கள். மாற்றினார். சங்கு அம்மாவுக்கும் அதில் குறையொன்றும் இல்லை. கூரை ஒழுகாத வீடு, மாசம் பிறந்தால் சம்பளம், கைக்குழந்தையும் இடுப்புக் குழந்தையுமாக இரண்டு பிள்ளைகள். வேறென்ன வேண்டும்?

அந்த வாழ்க்கையில்தான் மண் விழுந்தது. பூட்ஸ்காரர்களின் விடுதலை நாள் அன்று காவலர்களில் முக்கால்வாசிப் பேர் நகரத்து அணிவகுப்புக்குப் போயிருந்தார்கள். சிறைச் சூப்பிரண்டு ஐயாவும் அங்கேதான். காலையில் அங்கிருந்து வாயில் அறைக்குப் போன் செய்தார். “இன்னைக்கு விடுதலை நாள். ஒருத்தர் விடாம எல்லாரையும் வெளியே கொண்டு வா” என்றார். அதாவது, அறைகளிலிருந்து முற்றத்துக்குக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தி, கொடிக்கு வணக்கம் சொல்ல வைக்க வேண்டும்.

சாவிக்காரர் போனை வைத்தார். சாவிக்கொத்தை எடுத்தார். அறை அறையாகத் திறந்துகொண்டே போனார். மிச்சமிருந்த இரண்டு காவலர்கள் என்ன சங்கதி என்று கேட்டதற்கு, “விடுதலையாம்பா, ஐயா இப்பத்தான் போன் பண்ணாரு” என்றார். ஆட்சி மாறும்போதெல்லாம் இப்படித்தானே நடக்கிறது, மறுபடி மாறிவிட்டது போல என்று அவர்களும் நினைத்துக்கொண்டார்கள். ஒருவன் பயத்தில் சட்டையிலிருந்த பூட்ஸ்காரர் சின்னத்தைக்கூடப் பிய்த்து எறிந்தான். பள்ளிக்கூட வாத்தியார்கள், ஆலைத் தொழிலாளிகள், அச்சகக்காரர், பெண்கள் பகுதியிலிருந்த ஒரு நர்ஸ் என்று எல்லாரும் பெரிய வாயில் வழியாக நடந்து வெளியே போனார்கள். சங்கு அம்மா ஜன்னலில் நின்று, நல்லாயிருக்கட்டும் என்று மனசாரச் சொன்னார். அது தன் தலையில் விழப்போகிற இடி என்று அவருக்கு அப்போது தெரியாது.

மத்தியானம் லாரிகள் வந்தன. ஏற்றிப்போக ஒருவரும் இல்லை. அந்த லாரிகள் எதற்கு வந்தன என்பது வெகுகாலம் கழித்துத்தான் ஊருக்குத் தெரிந்தது. வேறு சிறைகளிலிருந்து அதே நாளில் லாரி ஏறியவர்கள் கல்குவாரிப் பக்கம் போனார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை.

விசாரணை நகரத்துப் பழைய நடனக் கூடத்தில் நடந்தது. மேஜைக்குப் பின்னால் பூட்ஸ்காரப் பெரியவர்கள் மூன்று பேர். வேண்டுமென்றே திறந்தானா, விளங்காமல் திறந்தானா என்பதுதான் கேள்வி. வேண்டுமென்று என்றால் சுவரோரம் நிறுத்திச் சுட்டுவிடுவார்கள். சாவிக்காரர் தலையைத் தொங்கப்போட்டு ஒரே பதிலைத்தான் சொன்னார். “விடுதலைன்னாரு ஐயா. ஒருத்தர் விடாம வெளியே கொண்டு வான்னாரு. கொண்டு போய் விட்டேன். நாள்னு ஒரு வார்த்தை சொன்னாரா? என் காதுல விழலீங்க.” சூப்பிரண்டு எழுந்து, சொன்னேன், சொன்னேன் என்று குதித்தார். யார் சொல்வதை நம்புவது என்று தெரியாமல், இந்த ஆளுக்கு நிஜமாகவே காது கேட்குமா கேட்காதா என்று விசாரிக்க மனைவியைக் கூப்பிட்டார்கள்.

வந்தார் சங்கு அம்மா. வீட்டைக் காலி செய்யச் சொல்லிச் சாமானை வெளியே எறிந்துவிட்டிருந்தார்கள். பிள்ளைகளைக் கோட்டை வாசலில் யாரோ ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். கேள்வி கேட்டதுதான் தாமதம், பொரிந்து தள்ளிவிட்டார்.

“காதா? அது மூஞ்சிக்கு ரெண்டு பக்கமும் அழகுக்கு ஒட்ட வச்சதுங்க! விளக்கைக் கொண்டான்னா விளக்குமாத்தைக் கொண்டு வர்ற மனுஷன் இவரு. புள்ளைக்குக் காய்ச்சல்னா, என்ன காய்ச்சணும்னு கேப்பாரு. நான் ஒருத்தி காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் தொண்டை கிழியக் கத்துறேன், ஒரு வார்த்தை உள்ள போயிருக்குமா? இந்த ஆளு கையில போய்ச் சாவியைக் குடுத்தீங்களே, உங்களை என்னன்னு சொல்றது!”

நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஓரத்தில் இருந்தவர், என் மனைவியும் இதையேதான் சொல்கிறாள் என்றார். சுட்டுத் தள்ளுகிற அளவுக்கு இவன் பெரிய ஆள் இல்லை என்று முடிவாயிற்று. சாவிக்காரரை அவர் சாவி வைத்திருந்த அதே சிறையில் சில வருஷம் போட்டார்கள்.

அந்த வருஷங்களைச் சங்கு அம்மா ஆஸ்பத்திரிச் சலவையறையில் கழித்தார். இரத்தக் கறைத் துணிகளை வெந்நீரில் அலசி அலசிக் கை வெந்துபோனது. குன்றின் அடிவாரத்தில் ஒற்றை அறையில் பிள்ளைகள் வளர்ந்தன. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை காதில் விழுந்திருந்தால் இந்தப் பாடு உண்டா என்று அவர் நினைக்காத நாள் இல்லை. நினைத்ததைச் சொல்லாத நாளும் இல்லை.

சட்டைக்காரர்கள் வந்து பூட்ஸ்காரர்களை உள்ளே போட்டபோது சாவிக்காரர் வெளியே வந்தார். அவர்களுடைய ஆட்கள் பதக்கத்தோடு வீடு தேடி வந்தார்கள். “தெரிஞ்சேதான் திறந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா, உங்களுக்குத் தோட்டத்தோட வீடு” என்றார்கள்.

சாவிக்காரர் கையைக் காதுக்குப் பின்னால் வைத்து, “என்ன கேட்டீங்க?” என்றார். இன்னும் சத்தமாகக் கேட்டார்கள். “இல்லீங்க, அன்னைக்குக் காதுல சரியா விழல, அவ்வளவுதான்” என்றார். சங்கு அம்மா அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்ட அடியில் நெற்றி வீங்கிவிட்டது. சின்னத்தைப் பிய்த்து எறிந்தானே, அந்தக் காவலன், நான்தான் திறக்கச் சொன்னேன் என்று சொல்லிப் பதக்கமும் வீடும் வாங்கிக்கொண்டான். சில வருஷத்தில் சட்டைக்காரர்களும் கவிழ்ந்தார்கள். அடுத்து வந்தவர்கள், சட்டைக்காரர்கள் கையால் பதக்கம் வாங்கியவர்களையெல்லாம் வரிசையாகக் கோட்டைக்குள் தள்ளினார்கள். செவிட்டுச் சாவிக்காரரை ஒருவரும் சீண்டவில்லை. சங்கு அம்மா இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்ததே இல்லை. தோட்டத்தோடு வீடு போனதுதான் அவர் நெஞ்சில் நின்றது.

அவர்களும் போய், இப்போது இருப்பவர்கள் ஓட்டு வாங்கி வந்தவர்கள். யாரையும் புதிதாக உள்ளே போடாமல் கோட்டையைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, அருங்காட்சியகம் ஆக்கினார்கள். அதுவரைக்கும் நல்ல காரியம்தான். அந்தப் பலகையைத்தான் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் காலை கணவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் குன்றுக்குக் கூட்டிப்போனார்.

“நான் எதுக்கும்மா?” என்றார் அவர்.

“நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். பக்கத்துல நில்லுங்க. எந்தக் காதைப் படம் போட்டிருக்கான்னு அவன் நேர்ல பாக்கட்டும்.”

வாசலில் பலகைக்கு முன்னால் ஒரு கூட்டம் நின்று சிரித்துக்கொண்டிருந்தது. சங்கு அம்மா அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போய், இங்கே யார் பொறுப்பு என்று ஒரு குரல் கொடுத்தார். மேல்மாடியில் புறாக்கள் பறந்தன. முப்பதுகளைத் தாண்டிய ஒரு பெண், கையில் தேநீர்க் கோப்பையோடு ஓடிவந்தாள். அவள்தான் அருங்காட்சியகப் பொறுப்பாளர்.

“இது யாரு தெரியுதா?” என்று கணவரை முன்னால் தள்ளினார் சங்கு அம்மா. “நீங்க வாசல்ல படம் போட்டுக் கேலி பண்றீங்களே, அந்த ஆளு!”

பொறுப்பாளர் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டாள். சாவிக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. பிறகு சங்கு அம்மாவைப் பார்த்து, “அம்மா, உங்க வீட்டுக்காரராலதாம்மா நான் பொறந்தேன்!” என்றாள்.

“என்னது?” என்றார் சங்கு அம்மா. அந்த ஒற்றைச் சொல்லில் முற்றம் முழுவதும் அமைதியாயிற்று.

சாவிக்காரர் முதல் முறையாகப் பயந்துபோனார். “ஏம்மா பொண்ணு, கொஞ்சம் பாத்துப் பேசும்மா. நான் இன்னும் இவகூடக் குடித்தனம் பண்ணணும்.”

பொறுப்பாளருக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு விளக்கினாள். பெண்கள் பகுதியில் ஒரு நர்ஸ் இருந்தாளே, அவள்தான் இவளுடைய அம்மா. அன்று வெளியே நடந்தபோது அவள் வயிற்றில் இவள் இருந்தாள். “அன்னைக்கு அந்தக் கதவு திறக்கலன்னா அம்மாவும் லாரியில ஏறியிருப்பாங்க. போன வருஷம்தான் தவறினாங்க. சாகுற வரைக்கும் என் பிறந்த நாளுக்கு முதல் வாழ்த்து உங்களுக்குத்தான். அந்த மனுஷன் நல்லா இருக்கணும்னுவாங்க. நீங்க எங்க இருக்கீங்கன்னு தேடாத இடம் இல்லீங்கய்யா.”

சங்கு அம்மாவின் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சலவையறை, ஒற்றை அறை, வெந்துபோன கை எல்லாவற்றையும் அவர் இத்தனை காலம் ஒரு தட்டில் வைத்து நிறுத்துக்கொண்டே இருந்தார். மறு தட்டில் வைக்க ஆள் ஒருத்தி வந்து முன்னால் நிற்பாள் என்று யோசித்ததே இல்லை. நல்லா வளத்திருக்காங்க உங்கம்மா என்று மட்டும் சொன்னார். குரல் வழக்கம்போல வரவில்லை.

“அப்புறம் ஏன்டி கண்ணு இப்படி ஒரு பலகை?”

“நான் வர்றதுக்கு முன்னாடியே வச்சதும்மா. பழைய விசாரணையில சொன்னதைத்தான் எழுதியிருக்காங்க. ஆனா எனக்கு அது பொய்னு தெரியும்.” பொறுப்பாளர் சாவிக்காரரை நேராகப் பார்த்தாள். “வெளியே போறப்ப நீங்க அம்மா காதுல மெல்லமா, ஆத்துப் பாதையில போகாதம்மா, பாலத்துப் பக்கமாப் போன்னு சொன்னீங்களாமே. லாரி வந்தது ஆத்துப் பாதையிலதான். காதுல விழாத மனுஷனுக்கு அது எப்படித் தெரியும்? ஐயா, ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இன்னைக்கே பலகையை எடுத்துட்டு, தெரிஞ்சே திறந்தவர்னு உங்க படத்தோட வைக்கிறேன்.”

சங்கு அம்மா திரும்பிக் கணவரைப் பார்த்தார். சாவிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நான் இவகிட்ட ஒரு நிமிஷம் பேசணும்” என்றார்.

பழைய வாயில் அறைக்குள் போனார்கள். மேஜை, போன், நாற்காலி எல்லாம் கயிறு கட்டித் தொடாதே என்று வைத்திருந்தது. சாவிக்காரர் கயிற்றைத் தாண்டித் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

“காது கேட்டுச்சா?” என்றார் சங்கு அம்மா.

“கேட்டுச்சு.”

“நாள்னு அந்த ஆளு சொன்னது?”

“நல்லாக் கேட்டுச்சு. அதுக்கு மொத நாளே வேற ஒண்ணும் கேட்டுச்சு. சூப்பிரண்டு ரூமுக்குச் சாவி குடுக்கப் போனேன். போன்ல யார்கிட்டயோ, கொடி வணக்கம் முடிஞ்சதும் ஆத்துப் பாதையில லாரியை அனுப்புங்க, குழி வெட்டியாச்சான்னு கேட்டுக்கிட்டிருந்தாரு. என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. கையும் ஓடல, காலும் ஓடல. மறுநாள் அந்த ஆளே போன் பண்ணி, விடுதலை, எல்லாரையும் வெளியே கொண்டு வான்னு வார்த்தையைத் தூக்கிக் கையில குடுத்தாரு. பிடிச்சுக்கிட்டேன்.”

சங்கு அம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். “என்கிட்டக்கூடச் சொல்லலியே பாவி மனுஷா! உன்னை நான் எவ்வளவு பேசியிருப்பேன். என்னென்ன சொல்லியிருப்பேன்.”

“உன்னால பொய் சொல்ல முடியுமா? மனசுல இருக்கறது மூஞ்சியில வந்துரும், மூஞ்சிக்கு வந்தா வாய்க்கு வந்துரும். அன்னைக்கு அந்தக் கூடத்துல நீ நெஜமாத் திட்டுனே. அதனாலதான் நம்புனாங்க. அங்க நின்னுக்கிட்டு மனசுக்குள்ள உன்னைக் கும்பிட்டேன்மா. கோட்டையில இருந்தவங்களை நான் வெளிய விட்டேன்னு இந்தப் பொண்ணு சொல்லுது. என்னைச் சுவரோரத்துலேர்ந்து கூட்டிட்டு வந்தது உன் வாய்தான். அதுக்கப்புறம் நீ திட்டுறப்பல்லாம், திட்டட்டும், இதைக் கேக்க உயிரோட இருக்கோம்லன்னு நெனைச்சுக்குவேன்.”

“அப்ப நான் திட்டுனதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்களா?”

“ஒண்ணு விடாம. கேக்குதுன்னா பதில் சொல்லணுமே.”

சங்கு அம்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே அவர் தோளில் ஓர் அடி வைத்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்து, “சரி, எந்திரிங்க. வந்து அந்தப் பொண்ணுகிட்ட ஆமான்னு சொல்லுங்க. பலகையை மாத்தட்டும். ஊரு தெரிஞ்சுக்கட்டும்” என்றார்.

அவர் எழுந்திருக்கவில்லை.

“இன்னும் என்ன பயம்? இப்ப இருக்கறவங்க நல்லவங்கதானே?”

“எனக்கென்ன பயம், இனிமே என்னை யாரு என்ன பண்ணப்போறாங்க? இந்தக் கோட்டையைத்தான் யோசிக்கிறேன். வெள்ளைதான் அடிச்சிருக்காங்க. கதவு அப்படியேதான் இருக்கு, பூட்டும் இருக்கு, வரும்போது பாத்தேன், எண்ணெய்கூடப் போட்டு வச்சிருக்காங்க. என்னைக்காவது எவனாவது வந்து மறுபடி ஆளைப் போட்டு நிரப்புவான். அப்ப இந்த நாற்காலியில எவனோ ஒருத்தன் சாவியோட உக்காந்திருப்பான். அவனுக்கும் ஏதாவது ஒரு வார்த்தை காதுல விழாமப் போக வேண்டி வரலாம். காவலாளிக்குக் காது கேக்காமப் போறதுண்டு, முன்னாடியும் நடந்திருக்குன்னு ஊரு நம்பிக்கிட்டு இருந்தாத்தான் அவன் பிழைப்பான். தெரிஞ்சே திறந்தான்னு வாசல்ல எழுதி வச்சுட்டோம்னா, அவனை விசாரிக்கக்கூட மாட்டாங்க, நேராச் சுவரோரம் நிறுத்திருவாங்க.”

வெளியே பலகைக்கு முன்னால் புதிதாக ஒரு கூட்டம் வந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. சங்கு அம்மா கையை நீட்டினார். சாவிக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

வெளியே பொறுப்பாளர் காத்திருந்தாள். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பலகை இருக்கட்டும்மா” என்றார் சங்கு அம்மா. “அதுல எழுதியிருக்கறது சரிதான். இவருக்குக் காது சுத்தமாக் கேக்காது.” வாழ்நாளில் அவர் சொன்ன முதல் பொய். முகம் அசையவே இல்லை.

“ஆனா அம்மாகிட்ட ஆத்துப் பாதைன்னு...”

“உங்கம்மாவுக்கு அப்படிக் கேட்டிருக்கும். அதை உன்னோட வச்சுக்க கண்ணு. வேற யார்கிட்டயும் சொல்லாதே.”

பொறுப்பாளர் கொஞ்ச நேரம் அந்த இரும்புக் கதவைப் பார்த்தாள். பிறகு புரிந்துகொண்டவளாய்த் தலையசைத்தாள். குனிந்து சாவிக்காரரின் காலைத் தொட்டாள். சங்கு அம்மாவின் காலையும் தொட்டாள். சங்கு அம்மா அவளைத் தூக்கிக் கட்டிக்கொண்டார். தான் பெறாத பிள்ளை ஒன்று இத்தனை காலமாக இந்த ஊரிலேயே வளர்ந்திருக்கிறது என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லி வழியும் சொன்னார்.

இரண்டு பேரும் வாயிலைத் தாண்டி வெளியே வந்தார்கள். பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் உள்ளூர்க்காரன் ஒருவன் சாவிக்காரரை அடையாளம் கண்டுகொண்டு, “ஐயா, அது நீங்கதானா?” என்று சிரித்தபடி கேட்டான். சாவிக்காரர் கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, “என்ன தம்பி?” என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

சங்கு அம்மாவுக்கு அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று ஒன்று சொல்ல வேண்டும் போலிருந்தது. சத்தமாகச் சொல்ல முடியாது. குன்றுக்குக் கேட்கிற குரலை வைத்துக்கொண்டு, ரகசியம் பேசி அவருக்குப் பழக்கமே இல்லை. கணவரின் தோளைப் பிடித்து இழுத்து, காதோடு வாயை வைத்து, மூச்சுக் காற்றைவிட மெல்லமாக, “பெரிய காரியம் பண்ணியிருக்கீங்க. நீங்க நல்லா இருக்கணும்” என்றார்.

“அவருக்குத்தான் கேக்காதேம்மா, சத்தமாச் சொல்லுங்க!” என்றான் அந்த ஆள்.

“கேக்கலேன்னா போகுது” என்றார் சங்கு அம்மா. சாவிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.